கோல்மனுக்காகப் பதில் சொன்னவர்

ஃபெஸ்டி லவெல் தன் சொந்த அண்ணனைச் சுட்டுக் கொன்றவர் என்று எங்கள் ஊர் கில்வாராவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லாதவர்கள் இருந்தால், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று அர்த்தம். கண்ணால் பார்த்தோம் என்றுகூடச் சத்தியம் செய்வார்கள். பார்த்தது உண்மைதான். டர்க்கனின் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்கி, மிட்டாய் சப்பிக்கொண்டு பார்த்தார்கள். அந்த டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவள் நான்.

ஃபெஸ்டிக்குச் சாலை வேலை. மேயோ மாவட்டத்து மழை சாலையைத் தோண்டிப் போட்டபடி இருக்கும், அவர் சரளை கொட்டி மூடியபடி இருப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒடிசலான ஆள், ஆனால் முதுகு வளையாது. மெல்லிய உதடு, எந்நேரமும் இறுகியே இருக்கும். பேச்சு ரொம்பக் கம்மி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் பூட்ஸுக்குப் பளபளவென்று பாலீஷ் போட்டுக்கொண்டு வருவார்.

அவர் அண்ணன் கோல்மன் செத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம், எங்கள் ஊர்ப் பாலத்தடியில். லண்டன்காரன் எங்களை அடக்க அனுப்பிய காக்கிப் படையை இங்கே டான் என்போம். வீட்டைக் கொளுத்துவதும் ஆளைத் தூக்குவதும் அவர்கள் வேலை. அந்த டான்களின் லாரியை மறிக்க, பாலத்துக் கற்சுவருக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் படுத்துக் கிடந்தார்கள். கோல்மன், அவர் தம்பி ஃபெஸ்டி, என் அப்பா எல்லாரும் அதில் உண்டு. ஃபெஸ்டிக்கு அப்போது பதினெட்டு வயசு. லாரியிலிருந்து வந்த குண்டு கோல்மனின் வயிற்றில் பாய்ந்தது. ஃபெஸ்டி தன் தொப்பியில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். அண்ணன் தம்பியின் மடியில் படுத்து அதைக் குடித்தார், அப்படியே போய்விட்டார். உடலை எங்கள் வீட்டுக் கொட்டிலில் அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். அப்பா இதைக் குடிக்காமல் இருக்கும்போது மட்டும்தான் சொல்வார். அதனால் நான் நம்பினேன்.

வருஷா வருஷம் அந்தச் சண்டை நடந்த நாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் மொத்தமும் பாலத்துக்கு நடந்து போகும். பள்ளிக்கூட வாத்தியார் அன்று எங்கள் படையில் இருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். உயிரோடு இருப்பவர் தானே "உள்ளேன்" என்பார். செத்தவர் பெயர் வந்தால், அவரோடு அந்தச் சுவருக்குப் பின்னால் படுத்திருந்த ஒருவர் அவருக்காக "உள்ளேன்" என்பார். வேறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது, மனைவி பிள்ளைகள்கூட. கோல்மனுக்கு எப்போதும் ஃபெஸ்டிதான். என் அப்பா போன பிறகு அவருக்கும் ஃபெஸ்டிதான். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் மிஞ்சியது இவரும் பாஸ்டனில் படுக்கையில் கிடந்த ஒருவரும்.

"நான் போயிட்டா கோல்மனுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்று ஒருநாள் கொட்டகை வாசலில் என்னைக் கேட்டார். "அது ஒண்ணுதான் எனக்குக் கவலை, அட்ராக்டா."

"உள்ளேன்" என்ற அந்த ஒரு வார்த்தையைத் தவிர இந்த நாட்டிடம் அவர் எதுவுமே கேட்டதில்லை. அரசாங்கம் கொடுத்த மெடலைக்கூடப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததில்லை.

பாக்கி டர்க்கனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொட்டகையும் அவனுடையது, சாராயக் கடையும் அவனுடையது, பாலத்து விழாக் குழுவுக்குத் தலைவனும் அவன்தான். கோல்மன் தம்பி மடியில் செத்த வாரத்தில் பாக்கி தன் அப்பன் கடையில் டான்களுக்கு அக்கார்டியன் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். டான்கள் ஊரை விட்டுப் போனதும் விடுதலைக்காரர்களின் நிறத்தில் பச்சை டை கட்டிக்கொண்டான். அன்று கட்டியதை அப்புறம் அவிழ்க்கவே இல்லை. ஊரில் பாதிப் பேரின் கதை இதுதான். அதனால் யாரும் யாரையும் தோண்டுவதில்லை.

ஐம்பத்தேழில் லண்டனிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. டைரக்டர் மிஸ்டர் கிம்பர், நல்ல மரியாதை தெரிந்த மனுஷன், எல்லாருக்கும் தொப்பியைத் தூக்குவார். எங்கள் பாலத்துச் சண்டையைப் படம் எடுக்கப்போகிறார்கள், சின்ன வேஷங்களுக்கு ஊர் ஆட்கள் வேண்டும் என்றார். போராளி வேஷத்துக்குக் கடைத்தெரு முழுக்க வரிசை. அந்தக் காலத்தில் அப்பன் எந்தப் பக்கம் நின்றான் என்று சொல்ல முடியாத வீடுகளிலிருந்துதான் முதலில் வந்தார்கள். பாக்கியின் மகன் டெக்லன் சுருட்டை முடியும் குழி விழும் கன்னமுமாக முன்னால் நின்றான். அவனைப் பார்த்ததும், பாலத்தில் சாகிற பையன் இவன்தான் என்று கிம்பர் சொல்லிவிட்டார்.

டான் உடுப்பு மட்டும் பாக்கியின் பின்கட்டில் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒருவனும் தொடவில்லை. எவன் மாட்டினாலும், "இவன் அப்பன் உடுப்புதானே" என்று அடுத்தவன் ஆரம்பித்துவிடுவான். பெரிய வேஷம் ஒரு சார்ஜென்ட். ஆள் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் ட்ரம்கோருக்குப் போய்விடுவோம் என்றார் கிம்பர். ட்ரம்கோர் என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் ஊருக்கு ஜுரமே வந்துவிட்டது.

பாக்கி நேரே ஃபெஸ்டி சரளை கொட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தான். நான் சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"ஃபெஸ்டி, ஊருக்கு உன்னால ஒரு காரியம் ஆகணும்பா."

"எந்த ரோட்டுல குழி?"

"வெளையாடாத. அந்த உடுப்பை யாராவது மாட்டணும்."

"உன் பையனுக்குக் குடு. பழகுன உடுப்புதானே உங்க கடைக்கு."

பாக்கியின் முகம் சிவந்தது. ஆனாலும் விழுங்கிக்கொண்டான். "சொல்லு, சொல்லிக்கோ. அதனாலதான் உன்கிட்ட வந்திருக்கேன். நாங்க யாரு மாட்டினாலும் ஊரு கிழிச்சுடும். நீ மாட்டினா எவன் வாயைத் தொறப்பான்? கில்வாராவிலேயே கை காட்ட முடியாத ஆளு நீ ஒருத்தன்தான்யா."

எங்கள் ஜனங்களின் புத்தி இதுதான். நாடு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கணக்கு கிடைக்காது. மறைக்க எதுவுமே இல்லாதவனைத் தேடிப் பிடித்து அவன் தலையில் எதிரியின் தொப்பியை வைத்தார்கள். மறைக்க இருந்தவர்கள் எல்லாம் போராளி ஆனார்கள். எனக்கு அன்றைக்கே வயிற்றெரிச்சல்.

ஃபெஸ்டி உடனே சரி என்று சொல்லவில்லை. மறுநாள் கிம்பரைப் போய்ப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். பாலத்தில் சாகிற பையனுக்குக் கோல்மன் லவெல் என்று பெயர் வைக்க வேண்டும். அதைப் படத்தில் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"நல்ல பெயர், மிஸ்டர் லவெல். கண்டிப்பா வெச்சுடலாம்" என்றார் கிம்பர். இவருடைய உதட்டையும் முதுகையும் பார்த்துக்கொண்டே, "என்ன ஒரு சார்ஜென்ட் முகம்!" என்று உதவியாளரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அந்த முதுகு எங்கள் படையில் பழகிய முதுகு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பாலத்துக் காட்சி எடுத்த அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. டெக்லன் சட்டையில் சிவப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தான். கிம்பர் ஃபெஸ்டியின் தோளில் கை வைத்தார்.

"மிஸ்டர் லவெல், நீங்க சுவர் மேல ஏறி, கீழ கிடக்கற பையனைப் பாக்கறீங்க. அவன் உங்களைப் பாக்கறான். அப்புறம் சுடறீங்க."

ஃபெஸ்டி அசையவில்லை. "அப்படி நடக்கலை, ஐயா."

"எப்படி நடந்தது?"

"லாரியில இருந்து வந்த குண்டு. யாரு சுட்டான்னு யாருக்கும் தெரியாது."

"அது படத்துல எடுபடாதுங்க. ஜனங்களுக்குக் கோபப்பட ஒரு முகம் வேணும்."

ஃபெஸ்டி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பாக்கி ஓடி வந்தான். "என்னய்யா இது? வெளிச்சம் போவுது, அத்தனை பேரும் நிக்கறாங்க! பேரு வேணும்னு நீதானே கேட்ட? முடியாதுன்னா சொல்லு, அந்தப் பையனுக்கு வேற பேரு வெச்சுக்கச் சொல்றேன்."

ஃபெஸ்டி துப்பாக்கியை எடுத்தார். சுவர் மேல் ஏறினார். தம்பியே, தம்பியே என்று யாரோ கூப்பிட்டதுபோல ஒரு கணம் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சுட்டார். வெற்றுத் தோட்டாதான். முதல் தடவை புகை மறைத்துவிட்டதாம், இன்னொரு தடவை சுடச் சொன்னார்கள். அடுத்த தடவை டெக்லன் தும்மிவிட்டான். அப்படியே மாலை வரைக்கும் அண்ணனைச் சுட்டுக்கொண்டே இருந்தார்.

"பெருசுக்குக் கை நடுங்குது. என் முடியை எரிச்சுடப் போகுது" என்று டெக்லன் எழுந்து உட்கார்ந்து கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசித் தடவை சுட்டதும் ஃபெஸ்டி அந்தச் சுவர் மேலேயே உட்கார்ந்தார். டான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கிம்பர் கேமராவை நிறுத்த வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார்.

அந்த அழுகையை இங்கிலாந்தில் காட்டினார்கள். கவென்ட்ரியில் நர்ஸாக இருக்கும் என் அக்கா அங்கே பார்த்துவிட்டு வந்து சொன்னாள். டான் சார்ஜென்ட்டுக்குள்ளும் ஒரு மனசு இருந்திருக்கிறது பார் என்று இங்கிலீஷ்காரப் பெண்கள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். எங்கள் நாட்டுக்கு வந்த பிரதியில் அந்த இடத்தை வெட்டியிருந்தார்கள். டான் அழுதால் இங்கே திரையைக் கிழித்துவிடுவார்கள் என்று விநியோகஸ்தருக்குப் பயம். ஆக, செத்த அண்ணனுக்காகத் தம்பி விட்ட கண்ணீர் இங்கிலாந்தின் நல்ல பெயருக்குப் போய்ச் சேர்ந்தது. எங்களுக்குக் கொலைகாரன் மட்டும் வந்தான்.

படம் கில்வாராவுக்கு வந்த அன்று ஃபெஸ்டி பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். டிக்கெட் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நடு வரிசையில் உட்கார்ந்தார். திரையில் ஒரு கிழவி "கோல்மன் லவெல்!" என்று கூவியபோது தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அடுத்து அவரே பெரிதாகத் திரையில் வந்தார். சுட்டார். பிறகு பின்னாலிருந்து ஒரு சீற்றம் எழும்பியது, பூட்ஸால் தரையை உதைத்தார்கள். "கொலைகாரப் பயலே!" என்று எவனோ கத்தினான். அது பாதி விளையாட்டு, பாதி நிஜம். எந்தப் பாதி எங்கே முடிந்தது என்று கத்தியவனுக்கே தெரியாது.

படம் முடிந்ததும் வழக்கம்போல தேசிய கீதம் போட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஃபெஸ்டி படையில் நின்றதுபோல விறைப்பாக நின்றார்.

"உக்காருய்யா சார்ஜென்ட்! இது உன் பாட்டு இல்ல!" என்றான் டெக்லனின் கூட்டாளி ஒருவன்.

கீதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொட்டகை சிரித்தது. ஃபெஸ்டி கடைசி வரைக்கும் நின்றார். வெளியே வந்ததும் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"பேரைத் தெளிவாத்தான் சொன்னாங்க, இல்ல?"

"தெளிவாத்தான் சொன்னாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் எங்கள் நாட்டுப் புனிதர் பாட்ரிக் திருநாளுக்கு பாக்கி அந்தப் படத்தைத் தருவித்துப் போட்டான். பார்க்கப் பார்க்க விளையாட்டுப் பாதி தேய்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையில் அவரைப் பார்த்தால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், "சுட்டுடாதீங்க சார்ஜென்ட்!" என்பார்கள். ஆரம்பத்தில் அவரும் சிரிப்பார், பிறகு சிரிக்கவில்லை. கடையில் பெண்கள் அவர் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"சும்மாவா அந்த வேஷத்தை இவருக்குக் குடுத்திருப்பாங்க?" என்று ஒருத்தி என் எதிரிலேயே சொன்னாள். "ஏதோ தெரிஞ்சுதான் குடுத்திருக்காங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. "என்னடி பேசறே? எங்கப்பா பக்கத்துலயே படுத்திருந்தாரு. தண்ணி குடுத்ததைப் பாத்தவரு."

"உங்கப்பா செத்துட்டாரே, அட்ராக்டா. படம் இருக்குதே!"

அறுபத்தாறில், டப்ளினில் முதல் எழுச்சி வெடித்ததற்கு நாடு முழுக்கப் பொன்விழா. எங்கள் பாலத்துக்கு டப்ளினிலிருந்து தொலைக்காட்சிக்காரர்களும் ஒரு ராணுவ அதிகாரியும் வருவதாக ஏற்பாடு. டெக்லன் அதற்குள் கவுன்சில் மெம்பர், அடுத்த தேர்தலில் பெரிய இடத்துக்குக் கண். விழாவுக்கு முந்தின வாரம் பாக்கி கொட்டகை வாசலில் ஃபெஸ்டியை மடக்கினான்.

"இந்த வருஷம் கோல்மனுக்கு டெக்லன் பதில் சொல்லட்டும்பா."

"அவன் அப்பப் பொறக்கவே இல்லையேடா."

"பொறக்கலைதான். ஆனா ஜனங்களுக்குக் கோல்மன்னா அவன் மொகம்தானே. நாடே டிவியில பாக்கப் போவுது. நீ போய் நின்னா சிரிப்பாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஃபெஸ்டி என்னை ஒரு தடவை பார்த்தார். "இந்தப் பொண்ணோட அப்பாவுக்கு?"

"அதுக்கும் ஆளு பாத்தாச்சு. பால் பண்ணை மேனேஜர்."

"எங்கப்பாவை அந்தாளுக்குத் தெரியவே தெரியாதே!" என்று நான் கத்தினேன். பாக்கி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அப்ப நான் எங்க நிக்கறது?" என்றார் ஃபெஸ்டி. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"நீ ரோட்டு வளைவுல நின்னு காருங்களை நிறுத்து. ரோடு உன் வேலைதானே?"

நின்றார். ஏப்ரல் காற்று முகத்தை அறைந்துகொண்டிருந்தது. அவர் வளைவில் சாலையை மறித்த கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, பாலீஷ் போட்ட பூட்ஸோடு நின்றார். பாலத்தில் டெக்லன் அந்தப் படத்தில் போட்ட அதே நீளக் கோட்டைப் போட்டிருந்தான். இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

வாத்தியார் கூப்பிட்டார். "கோல்மன் லவெல்!"

டெக்லன் ஓர் அடி முன்னால் வைத்து, கேமராவைப் பார்த்து, "உள்ளேன்!" என்றான்.

"உள்ளேன்!" வளைவிலிருந்து இன்னொரு குரல் வந்தது. கிழட்டுக் குரல், உடைந்த குரல். ஆனால் கூட்டம் மொத்தத்துக்கும் கேட்டது.

தலைகள் எல்லாம் திரும்பின. "டான்! டான் பதில் சொல்றான்!" என்று ஒரு பிள்ளை கீச்சிட்டது. சிரிப்பு கிளம்பியது. எவனோ புல் ஒட்டிய மண்கட்டியை வீசினான், அது அவர் வாயில் பட்டது. அவர் கயிற்றை விடவில்லை. கார் வந்துவிடுமே என்று நினைத்திருப்பார், பாவி மனுஷன்.

"யார் அது?" என்று ராணுவ அதிகாரி கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றான் பாக்கி. "பழைய டான் ஒருத்தன். புத்தி கொஞ்சம் சரியில்ல. போனாப் போவுதுன்னு ஊர்ல விட்டு வெச்சிருக்கோம்."

"உங்க ஊருக்குப் பெரிய மனசுதான்" என்றார் அதிகாரி.

அந்தக் குளிர்காலத்திலேயே ஃபெஸ்டி போய்விட்டார். சரளைக் குவியலுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு கிடந்தவரைத் தபால்காரர்தான் பார்த்தார். படையில் இருந்தவர் செத்தால் சவப்பெட்டியின் மேல் நாட்டுக் கொடியைப் போர்த்த வேண்டும். கொடி பாக்கியின் கடையில் இருந்தது. நான் போய்க் கேட்டேன்.

"டெக்லன் தேர்தல்ல நிக்கறாம்மா. இப்பப் போய் எதுக்கு வம்பு?" என்றான் பாக்கி. வெறும் பலகைப் பெட்டியாகத்தான் அவரை இறக்கினார்கள்.

மறு வருஷம் பாலத்துக்குப் போனேன். படையில் ஒருவர் செத்துப்போனால் அடுத்த வருஷம் அவர் பெயரைக் கடைசியில் சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம். பாஸ்டன்காரரும் அதற்குள் போயிருந்தார், அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், ஒரு போலீஸ்காரர் பதில் சொன்னார். என் அப்பாவுக்குப் பால் பண்ணை மேனேஜர் சொன்னார். கோல்மனுக்கு டெக்லன் சொன்னான். நான் காத்துக்கொண்டு நின்றேன். வழக்கமாவது ஒன்றாவது, இந்தத் தடவை ஃபெஸ்டிக்கு நான் சொல்லிவிடுவது என்று நாக்கில் அந்த வார்த்தையோடு வந்திருந்தேன். வாத்தியார் அவர் பெயரைக் கூப்பிடாமலே காகிதத்தை மடித்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் கடைக்கு வாங்க, சூப்பு ஆறிடும்!" என்றான் பாக்கி.

எனக்குப் பொறுக்கவில்லை. பாலத்தின் நடுவில் போய் நின்று அவருடைய முழுப் பெயரை நானே கூப்பிட்டேன். "ஃபெஸ்டஸ் லவெல்!"

ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சுவருக்குப் பின்னால் படுத்திருந்தவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. மிச்சம் இருந்ததெல்லாம் படத்தில் படுத்திருந்தவர்கள்.

"சார்ஜென்ட் லாரி ஏறிப் போயிட்டாரு, அட்ராக்டா!" என்று, நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே சூப்புக்குப் போனார்கள்.